நாலாம் போர்டில் யார்?

கார்த்திகை பாதி தாண்டியதும் என் போன் சும்மா இருக்காது. "அக்கா, இந்த வருசம் லீக் உண்டுல்லா?" என்று தாராவி கேப்டன். "என்னம்மா, ஹாலுக்குச் சொல்லி வெச்சாச்சா?" என்று மாட்டுங்கா மாமா. வாஷிக்காரர்கள் கேள்வியே கேட்கமாட்டார்கள். போன சீசன் புள்ளிப் பட்டியலை வாட்ஸ்அப்பில் ஃபார்வர்ட் செய்துவிட்டுக் கீழே ஒரு கும்பிடு போட்டிருப்பார்கள். பட்டியலில் முதலிடம் அவர்களுடையது.

நாங்கள் நடத்துவது பெரிய விஷயம் ஒன்றுமில்லை. மும்பையிலும் சுற்றுவட்டாரத்திலும் தமிழர்கள் நிறைய இருக்கிற ஆறு இடங்களிலிருந்து ஆறு செஸ் அணிகள். அணிக்கு நாலு போர்டு, போர்டுக்கு ஒருவர், கூடவே ஒரு ரிசர்வ். ஒவ்வோர் அணியும் மற்ற ஐந்தோடும் ஒருமுறை மோதும். ரவுண்டுக்கு மூன்று மேட்ச், பன்னிரண்டு போர்டு, இருபத்துநாலு பேர். ஒரு சாதாரண பள்ளிக்கூட ஹாலில் அடங்கிவிடும். நான் ஒரு கிளியரிங் ஏஜென்சியில் கணக்கு எழுதுகிறவள். எக்செல் தெரியும், சண்டை வந்தால் குரல் உயர்த்தத் தெரியும் என்பதால் இந்த வேலை என் தலையில் விழுந்தது. ஆர்பிட்டர் என்கிற நடுவர், காசாளர், டீ சொல்கிறவர் எல்லாம் நானே.

கிளப் என்று பேச்சுக்குச் சொல்கிறேனே தவிர, பெயர்ப்பலகை மாட்டிய கிளப் ஒன்றுகூட இல்லை. மாட்டுங்கா அணி ஒரு சங்கத்து வாசகசாலைக்குப் பேப்பர் படிக்க வருகிறவர்கள். தாராவி அணி 90 ஃபீட் ரோட்டுப் பக்கம் ஒரு தோல்பை பட்டறையின் மாடியில், வேலை முடிந்து ராத்திரி கூடுகிறது. செம்பூர் ஒரு ஹவுசிங் சொசைட்டி. வாஷி ஐடி பையன்கள். டோம்பிவிலி அணி ரயிலிலேயே பிறந்தது: தினமும் ஒரே ஃபாஸ்ட் லோக்கலில் ஒரே பெட்டியில் ஏறுகிறவர்கள், மடியில் காந்த போர்டை வைத்துக்கொண்டு ஆடி ஆடி, கடைசியில் அணியாகிவிட்டார்கள். முலுண்ட் எங்களுடையது. என் கணவர் அதில் ரிசர்வ். தன்னை ஐந்தாம்படை என்று சொல்லிக்கொள்வார்.

செஸ் கிளாஸுக்கு இந்த ஊரில் குறைவே இல்லை. 2024 டிசம்பரில் சிங்கப்பூரில் குகேஷ் உலக சாம்பியன் ஆனபிறகு எங்கள் சொசைட்டிக்கு வருகிற சார் இரண்டு பேட்ச் எடுக்கிறார். ஆனால் கிளாஸில் பிள்ளைகள் மட்டும்தான் ஆடுவார்கள். அப்பா கீழே ஸ்கூட்டரில் உட்கார்ந்து போனை நோண்டிக்கொண்டிருப்பார். அவருக்கும் ஆடத் தெரியும். ஊரில் காலேஜ் டீமில்கூட ஆடியிருப்பார். "நீங்களும் ஒரு டோர்னமென்ட்டில் சேரலாமே" என்றால் சிரித்து மழுப்புவார். காரணம் எனக்குத் தெரியும். பத்து வயசுப் பையனிடம் தோற்றுவிட்டு வீட்டுக்குப் போக யாருக்கும் மனசு வராது. ரேட்டிங், அதாவது ஆட்டத் திறமைக்குப் புள்ளி போடுகிற டோர்னமென்ட்டில் அதுதான் நடக்கும். பிள்ளைகள் வாரத்துக்கு வாரம் முன்னேறுகிறார்கள், அவர்களுடைய ரேட்டிங் பின்னாலேயே நொண்டிக்கொண்டு வருகிறது. காகிதத்தில் 1450 என்று இருக்கிற பிள்ளை 1700 ஆட்டம் ஆடும். பெரியவர் அதனிடம் தோற்றுப் பத்து, பதினைந்து புள்ளி இழப்பார். பிள்ளை அதுபோல இரண்டு மடங்கு வாங்கிக்கொண்டு போகும், பதினெட்டு வயதுக்குக் கீழே கே ஃபேக்டர், அதாவது ரேட்டிங் ஏறி இறங்குகிற வேகம், 40 என்பதால்.

அதனால்தான் எங்கள் லீக்குக்கு ஃபிடே (உலக செஸ் கூட்டமைப்பு) ரேட்டிங் வேண்டாம் என்று முதலிலேயே முடிவு செய்தோம். வாஷிக்காரர்கள் ஒவ்வொரு வருடமும் இதை எடுப்பார்கள், ஒவ்வொரு வருடமும் ஐந்துக்கு ஒன்று என்று தோற்பார்கள். ரேட்டிங் இல்லையென்றால் சீரியஸாக ஆடமாட்டார்கள் என்பது அவர்கள் வாதம். வந்து பாருங்கள் என்பது என் பதில். தனக்காகத் தோற்பதைவிடப் பேட்டைக்காகத் தோற்பது இவர்களுக்கு ஆயிரம் மடங்கு வலிக்கிறது.

சரி, நாலாம் போர்டுக்கு வருகிறேன்.

அணிச் செஸ்ஸில் ஆடுகிற வரிசையை முன்னாலேயே எழுதிக் கொடுத்துவிட வேண்டும். ஒன்று, இரண்டு, மூன்று, நாலு, கடைசியில் ரிசர்வ். அதற்கப்புறம் மாற்ற முடியாது. இரண்டாம் போர்டுக்காரர் வரவில்லை என்றால் மூன்றாமவர் இரண்டுக்கு ஏறுவார், நாலாமவர் மூன்றுக்கு ஏறுவார், ரிசர்வ் நாலில் உட்காருவார். யார் வராவிட்டாலும் ஓட்டை நாலாம் போர்டில்தான் விழும். நாடுகள் மோதுகிற செஸ் ஒலிம்பியாடிலும் இதே கதைதான். கல்யாணம், காய்ச்சல், ஆபீஸ் ஆடிட், எது வந்தாலும் பாரம் கடைசி ஆளின் தலையில். ரிசர்வும் வரவில்லை என்றால் அந்த போர்டு வாக் ஓவர், மேட்ச் தொடங்கும்போதே ஒரு புள்ளி அம்பேல்.

இது புரியாத கேப்டன்கள் முதல் போர்டைப் பற்றியே கவலைப்படுவார்கள். புரிந்த கேப்டன்களோ வேறு விதமாக விளையாடுவார்கள். அணியிலேயே சுமாரான ஆளை முதல் போர்டில் பலிகொடுத்துவிட்டு, நிஜமான முதல் ஆளை இரண்டிலும் இரண்டாமவரை மூன்றிலும் வைப்பார்கள். எதிரணியின் சூரன் ஒரு பாவப்பட்ட மனிதரை அடித்துக்கொண்டிருக்க, மற்ற மூன்று போர்டிலும் இவர்கள் கை ஓங்கும். எங்கள் லீக்கிலும் ஒருவர் அப்படிச் செய்தார். எந்த அணி என்று சொல்லமாட்டேன், இன்றும் எனக்கு வடாபாவ் வாங்கித் தருகிறவர்.

அதற்காக, வரிசை ஏற்கெனவே கையில் இருக்கிற கிளாசிக்கல் (நீண்ட நேர ஆட்ட) ரேட்டிங்படி இருக்க வேண்டும், 100 புள்ளிக்குள் வித்தியாசம் இருந்தால் மட்டும் முன்பின் மாற்றலாம் என்று விதி போட்டோம். நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது. 2024 மார்ச்சில் ஃபிடே குறைந்தபட்ச ரேட்டிங்கை 1000-த்திலிருந்து 1400-க்கு உயர்த்தியது. 2000-த்துக்குக் கீழே இருந்தவர்களுக்கு, 2000-த்துக்கு எவ்வளவு குறைவோ அதில் 40 சதவீதத்தைக் கூட்டிக் கொடுத்தார்கள். 1000 இருந்தவர் 1400 ஆனார், 1500 இருந்தவர் 1700. எல்லோருக்கும் ஒரே குஷி, ஒருவர் பெட்டியோடு பேடா வாங்கிக்கொண்டு வந்தார். எனக்குத் தலைவலி. முன்பு 100 இருந்த வித்தியாசம் இப்போது 60. அதே விதியை வைத்துக்கொண்டால் பலியாடு விளையாட்டுக்கு மறுபடியும் கதவு திறந்துவிடும். விதியிலும் 60 என்று திருத்தினேன். ஏன் என்று விளக்க ஒரு மணி நேரம் ஆனது. கடைசியில் டோம்பிவிலி கேப்டன், "கணக்கு டிபார்ட்மென்ட் சொன்னா சரிதான், விடுங்க" என்று முடித்துவைத்தார்.

ரேட்டிங்கே இல்லாதவர்கள் விஷயம் இன்னும் சிக்கல். தாராவியில் பாதிப்பேருக்கு ரேட்டிங் கிடையாது. டோர்னமென்ட் கட்டணம் கட்டி, சனி ஞாயிறு இரண்டு நாள் கூலியை விட்டுவிட்டுப் போய் ஆட அவர்களால் ஆகாது. ஆனால் அவர்களின் இரண்டாம் போர்டு, பட்டறையில் ஜிப் தைக்கிறவர், செம்பூரின் ரேட்டிங் ஆட்களைச் சும்மா ஊதித் தள்ளுவார். இப்படிப்பட்டவர்களை எங்கே வைப்பது என்று கேப்டன்கள் கூட்டத்தில் ஆளாளுக்குப் பேசித்தான் முடிவாகும். எந்தச் சூத்திரமும் இதற்கு உதவாது.

அடுத்த சண்டை புள்ளிக் கணக்கு. ஒலிம்பியாடில் 2006 வரைக்கும் போர்டுப் புள்ளிகளைத்தான் (ஜெயித்தால் 1, டிரா என்றால் அரை) கூட்டினார்கள். 2008-ல் டிரெஸ்டனிலிருந்து மேட்ச் புள்ளி: ஜெயித்தால் 2, சமன் என்றால் 1. நாங்கள் இரண்டாவதைப் பின்பற்றுகிறோம், போர்டுப் புள்ளி சமநிலையை உடைக்க மட்டும். நாலுக்குப் பூஜ்யம் என்று நசுக்கினாலும் 2, இரண்டரைக்கு ஒன்றரை என்று தப்பிப் பிழைத்தாலும் 2. வலுவான அணிக்கு இது பிடிக்காது. மெலிந்த அணியைப் போட்டு மிதித்துப் புள்ளி சேர்க்க முடியாதே! ஆனால் இந்தக் கணக்கில்தான் நாலாம் போர்டுக்கு மரியாதை. மற்ற மூன்றும் ஒன்றரைக்கு ஒன்றரை என்று நின்றால், மொத்த ஹாலும் கடைசி மேஜையைச் சுற்றி வந்து நிற்கும்.

2022-ல் மாமல்லபுரம் ஒலிம்பியாடில் நடந்ததை எல்லோரும் பார்த்திருப்பீர்கள். குகேஷ் முதல் எட்டு ஆட்டமும் ஜெயித்தார். பத்தாவது ரவுண்டில் உஸ்பெகிஸ்தானின் அப்துசத்தோரோவிடம் தோற்றார். மேட்ச் இரண்டுக்கு இரண்டு. கடைசியில் அவருக்கு முதல் போர்டில் தனிநபர் தங்கம், அவர் ஆடிய இந்திய அணிக்கு வெண்கலம். இரண்டு வருடம் கழித்து புடாபெஸ்டில் பத்து மேட்ச் வெற்றி, ஒன்று சமன், 22-க்கு 21 புள்ளி, அணிக்கே தங்கம். அதே ஒலிம்பியாடில் பெண்கள் அணிக்கும் தங்கம், அதில் நாலாம் போர்டில் ஆடிய வந்திகா அகர்வாலுக்குத் தனியாகவும் ஒரு தங்கம். இதை நான் கேப்டன்கள் கூட்டத்தில் எத்தனை தடவை வேண்டுமானாலும் சொல்வேன்.

நாலாம் போர்டைப் பற்றி நான் சொல்வது சும்மா தத்துவம் இல்லை. போன சீசன் தாராவிக்கும் மாட்டுங்காவுக்கும் நடந்ததைச் சொல்கிறேன்.

மூன்று போர்டு முடிந்து ஒன்றரைக்கு ஒன்றரை. நாலில் மாட்டுங்காவுக்கு வெள்ளைக் காய், ஆடுகிறவர் எழுபதைத் தாண்டிய மாமா. எதிரில் தாராவியின் எட்டாம் வகுப்புப் பெண். இரட்டைப் பின்னல், பின்னல் நுனியைக் கடித்துக்கொண்டே யோசிக்கும். ஆட்டத்தின் முக்கால்வாசியில் அந்தப் பெண் ஒரு குதிரையைக் கோட்டைவிட்டது. காய்கள் எல்லாம் கழிந்து, மாமாவிடம் ராஜா, ஒரு பிஷப் (மந்திரி), எச் வரிசையில் ஒரு சிப்பாய். பெண்ணிடம் வெறும் ராஜா. பார்க்கிறவர்களுக்கு மாமா ஜெயித்தாயிற்று. தாராவியின் ஒரு பையன் தலையில் கை வைத்துக்கொண்டு வெளியே போய்விட்டான்.

ஆனால் அந்தப் பெண்ணின் ராஜா எச்8 மூலைக்குப் போய் உட்கார்ந்துவிட்டது. சிப்பாய் ராணியாக வேண்டிய கட்டம் அது, கறுப்புக் கட்டம். மாமாவின் பிஷப் ஓடுவதோ வெள்ளைக் கட்டங்களில். அந்த பிஷப்பால் மூலையில் இருக்கிற ராஜாவை ஆயுசுக்கும் கிளப்ப முடியாது. பெண்ணுக்கு இது தெரிந்திருக்கிறது. நிமிர்ந்து, "டிரா, தாத்தா?" என்றது.

மாமாவுக்குச் சுருக்கென்றது. ஒரு பிஷப் கூடுதலாக வைத்துக்கொண்டு டிராவா? கேப்டனைத் திரும்பிப் பார்த்தார். "ஏண்டா, டிரா கேக்கறா, என்ன பண்ணட்டும்?"

அணிப் போட்டியில் கேப்டன் என்ன பேசலாம் என்பதற்கு விதி இருக்கிறது. டிரா கேள், டிராவை ஒத்துக்கொள், ஆட்டத்தை விட்டுக்கொடு, இந்த மூன்றில் ஒன்றைச் சொல்லலாம். போர்டில் இருப்பதைப் பற்றி ஒரு சொல், ஒரு கண்ஜாடைகூடக் கூடாது. மாட்டுங்கா கேப்டனுக்கு அந்த பிஷப்பின் கதி நன்றாகத் தெரியும். நான் வேறு பக்கத்திலேயே நின்றிருந்தேன். "ஒத்துக்கோங்கோ மாமா" என்று மட்டும் சொன்னார்.

"ஒத்துக்கணுமா? நன்னா இருக்கே!" என்று மாமா சிப்பாயை ஒரு கட்டம் தள்ளினார்.

எங்கள் டைம் கண்ட்ரோல் 25 நிமிடம், மூவுக்குப் பத்து விநாடி கூடுதல். இந்தப் பத்து விநாடி இருக்கிறவரைக்கும் வேகமாகக் கை வைக்கிற யாருக்கும் நேரம் தீராது. மாமா பிஷப்பை இங்கே வைத்தார், அங்கே வைத்தார். பெண்ணின் ராஜா ஜி8, எச்8, ஜி8, எச்8. காய் வெட்டாமல், சிப்பாய் நகராமல் ஐம்பது மூவ் போனால் டிரா என்ற விதியை ஆடுகிறவர் கேட்டால்தான் கொடுக்க வேண்டும், 75 ஆனால்தான் ஆர்பிட்டரே நிறுத்தலாம். ராபிட் என்கிற இந்த வேக ஆட்டத்தில் யாரும் மூவ் எழுதுவதில்லை என்பதால் நான் மனசுக்குள் எண்ண ஆரம்பித்தேன். மாட்டுங்கா கேப்டன் ஜன்னல் பக்கம் போய் முதுகைக் காட்டி நின்றுகொண்டார், முகத்தைப் பார்த்து யாரும் எதுவும் சொல்லிவிடக் கூடாதே என்று. தாராவி கேப்டன் அந்த வருடம் மாலை போட்டிருந்தார். கறுப்பு வேட்டியில் மேஜைக்கு எதிரே நின்று முணுமுணுத்துக்கொண்டிருந்தது சரணமா வேறெதாவதா என்று எனக்குக் கேட்கவில்லை. மாமா ராஜாவை ஜி6-க்குக் கொண்டுவந்தார், சிப்பாயை எச்7-க்குத் தள்ளினார். பெண்ணின் ராஜா நகர ஒரு கட்டம் இல்லை, செக்கும் இல்லை. ஸ்டேல்மேட், அதாவது டிரா. மேட்ச் இரண்டுக்கு இரண்டு.

மாமா கிளாக்கை நிறுத்திவிட்டுக் கொஞ்ச நேரம் போர்டையே பார்த்தார். அப்புறம், "இதை உனக்கு யார் சொல்லிக் குடுத்தா?" என்றார். பட்டறையில் ஜிப் தைக்கிற மாமா என்றது பெண். "அவரை வரச்சொல்லு." வந்தார். டீ ஆறிப்போகிற வரைக்கும் மூவரும் அதே நாலு காயை வைத்து ஆராய்ந்துகொண்டிருந்தார்கள். அடுத்த ரவுண்டுக்கு மேஜை வேண்டும் என்று நான்தான் விரட்ட வேண்டியிருந்தது.

ஹால் சயானில் இருப்பதற்குக் காரணம் ஆட்டோ. செம்பூரிலிருந்து ஆட்டோ சயான் வரைதான் வரும், அதற்குத் தெற்கே அனுமதி இல்லை. மாட்டுங்காவில் வைத்தால் நல்ல டிபன் கிடைக்கும், ஆனால் பாதி வழியில் இறங்கி டாக்சி தேட வேண்டும். இதைவிடப் பெரிய ஆர்பிட்டர் ரயில்வேதான். ஞாயிற்றுக்கிழமை மெகா பிளாக், அதாவது பராமரிப்புக்காக லைனை மூடுவது, பெரும்பாலும் காலை 11 மணி வாக்கில் தொடங்கி மாலை 4 வரை இருக்கும். எந்த லைனில் என்று ஓரிரண்டு நாள் முன்புதான் தெரியும். மாட்டுங்கா, முலுண்ட் நடுவே ஸ்லோ லைனில் என்றால் பரவாயில்லை, வண்டியை ஃபாஸ்ட் லைனில் திருப்பிவிடுவார்கள், சில ஸ்டேஷன்களில் நிற்காது, அவ்வளவுதான். குர்லாவுக்கும் வாஷிக்கும் நடுவே ஹார்பர் லைனை மூடினால்தான் வினை. வாஷிக்காரர்கள் தானே ஸ்டேஷன் வழியாகச் சுற்றி வர வேண்டும்.

பிளாக்கோடு சண்டை போடுவதைவிட அதற்குள் ஒளிந்துகொள்வது மேல். ஒன்பதரைக்கு எல்லோரும் ஹாலில் இருக்க வேண்டும். காலையில் ஒரு ரவுண்டு, சாப்பாடு, மத்தியானம் ஒரு ரவுண்டு. நாலரைக்கு வெளியே வந்தால் வண்டி ஓட ஆரம்பித்திருக்கும். தாமதமாக வருகிறவர்களுக்கு அரைமணி சலுகை. அதற்குமேல் கேட்டால் நான் கொடுப்பதில்லை.

மாதம் மார்கழி. முகூர்த்தம் கிடையாது என்பதால் தமிழ் ஆட்கள் கையில் இருக்கிற ஹால்கள் எல்லாம் காலியாகக் கிடக்கும், வாடகையும் படிந்து வரும். விடியற்காலை பஜனை மட்டும் உண்டு. மாமிகள் கிளம்புவதற்கு முன்னால் நாங்கள் நுழைந்தால் ஒவ்வொரு தொன்னை வெண்பொங்கல் கையில் விழும். நெய் பொங்கல் சாப்பிட்டு முதல் ரவுண்டு ஆடினால் என்ன ஆகும் என்று செம்பூர் அணியைக் கேளுங்கள். மழைக்காலத்தில் வைக்க முடியாது, கணபதி சமயத்தில் ஒலிபெருக்கி, பிப்ரவரி வந்தால் பிள்ளைகளுக்குப் பரீட்சை. மார்கழியை விட்டால் நாதியில்லை. ஒரு வருடம் வேறொரு ஹாலில் எங்களுக்கும் ஒரு பிறந்தநாள் விழாவுக்கும் ஒரே ஞாயிற்றைக் கொடுத்துவிட்டார்கள். பலூன்களுக்கு நடுவே ஒரு ரவுண்டு ஆடி முடித்தோம். அந்த ஹால் பக்கமே இப்போது போவதில்லை.

அணிக்கு ஐந்து பேரில் ஒருவர் பதினைந்துக்குக் கீழ், ஒருவர் அறுபதுக்கு மேல், ஒருவராவது பெண் என்றும் விதி உண்டு. பதினாலு வயதுப் பெண்பிள்ளை இரண்டு கணக்கையும் தீர்த்துவிடும் என்பதால் அப்படிப்பட்ட பிள்ளைகளுக்கு இப்போது ஏக கிராக்கி. ஒரு பெண்ணை வாஷியும் முலுண்டும் ஒரே நேரத்தில் கூப்பிட, அதன் அம்மா என்னிடம் ஐபிஎல் ஏலம் மாதிரி பேசினார். வீட்டு மின்கட்டண ரசீது எந்த ஊரோ அந்த அணி என்று சொல்லிவிட்டேன். போன்களுக்குப் பெயர் எழுதின துணிப்பை. கிளாக் நாலு கடன், மற்றது சொந்தம். இதெல்லாம் பழகிவிட்டது.

இந்த வருடம் கல்யாணிலிருந்து ஓர் அணி சேர வேண்டும் என்கிறது. ஆள் இருக்கிறார்கள், ஆர்வமும் இருக்கிறது. ஆனால் ஏழு அணி என்றால் அட்டவணை மாறும்: ஏழு ரவுண்டு, ஒவ்வொரு ரவுண்டிலும் ஒரு அணிக்கு பை, அதாவது ஆட்டமில்லாமல் ஓய்வு. ஞாயிற்றுக்கு இரண்டு ரவுண்டு வைத்தால் நாலு ஞாயிறு வேண்டும். மார்கழியில் நாலு ஞாயிறு கிடைக்கும், ஆனால் கடைசி ஞாயிறு பொங்கலை ஒட்டி வரும், தாராவி அணியில் பாதிப்பேர் திருநெல்வேலிக்கு ரயில் ஏறியிருப்பார்கள். பொங்கலுக்கு அடுத்த வாரத்துக்குத் தள்ளலாம் என்றால் ஜனவரி மூன்றாவது ஞாயிறு மும்பை மாரத்தான், பாதி ரோடு அடைத்திருக்கும். ஒரு ஞாயிற்றில் மூன்று ரவுண்டு வைத்துவிடலாம் என்கிறார் வாஷி கேப்டன். எழுபது வயது மாமாக்களை வைத்துக்கொண்டு மூன்று ரவுண்டா என்று மாட்டுங்கா குதிக்கிறது. எட்டாவதாக ஓர் அணி கிடைத்தால் பை தொல்லையாவது தீரும், ரவுண்டு அதே ஏழுதான். பாண்டுப்பில் நாலு பேர் ஆடுகிறார்களாம், ஐந்தாவது ஆள் தேடுகிறார்கள். அங்கே யாருக்காவது அறுபது தாண்டிய, குதிரை எப்படி நகரும் என்று தெரிந்த சித்தப்பா இருந்தால் சொல்லுங்கள். மற்றதை நான் பார்த்துக்கொள்கிறேன்.